கட்டடக்கலை படிக்காதவர் வெனிஸ் கண்காட்சிக்குப் போகலாமா?

நரிமேடு டீச்சர் – 2025 ஜூலை 6

அனைவருக்கும் வணக்கம். நான் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகள் இத்தாலியில் பதுவா நகரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். செப்டம்பர் நடுவில் மூன்று வாரம் அவளோடு தங்கப் போகிறேன். பதுவாவிலிருந்து வெனிஸ் விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான் என்பதால், இந்த ஆண்டு அங்கே நடக்கும் பன்னாட்டுக் கட்டடக்கலைக் கண்காட்சிக்கு இரண்டு நாள் ஒதுக்கலாம் என்கிறாள்.

எனக்குக் கண்காட்சி என்றால் தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சிதான். அரசுத் துறை அரங்குகளைக் கடமைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டெல்லி அப்பளக் கடையிலும் ராட்டினத்திலும் போய் நிற்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஓவியக் கண்காட்சி என்றால் ஓவியத்தைக் கொண்டுவந்து மாட்டுவார்கள், புத்தகக் காட்சி என்றால் புத்தகத்தை அடுக்குவார்கள்; கட்டடத்தை எப்படிக் கொண்டுவந்து வைப்பார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. வரைபடமும் அட்டை மாதிரியும் மட்டும்தான் என்றால், படி ஏறினாலே வலிக்கும் முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அங்கே நடப்பதைவிட ஊரைச் சுற்றிப் பார்ப்பது மேல் அல்லவா? போய் வந்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

அச்சுக்கல் – 2025 ஜூலை 6

வணக்கம் டீச்சர். காரைக்குடியிலும் மதுரையிலும் வீடுகள் வடிவமைத்துக் கட்டித் தருவது என் தொழில். 2023ஆம் ஆண்டுக் கண்காட்சியை நான்கு நாள் தங்கிப் பார்த்தேன். உங்கள் கேள்வி எளிய கேள்விபோல் இருந்தாலும், அந்தக் கண்காட்சியை நடத்துகிறவர்களே ஒவ்வொரு முறையும் திணறுகிற கேள்வி அதுதான்.

வெனிஸில் 1895 முதல் கலைக் கண்காட்சி நடந்து வருகிறது. கட்டடக்கலைக்கென்று தனிக் கண்காட்சி 1980இல்தான் தொடங்கியது. இப்போது ஓர் ஆண்டு கலை, மறு ஆண்டு கட்டடக்கலை என்று மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு முறையும் பொதுக் காட்சியைத் தொகுக்க ஓர் இயக்குநரை அமர்த்துவார்கள், அவர் ஒரு கருப்பொருளை அறிவிப்பார். அதனோடு சேர்த்து நாடுகள் தத்தம் அரங்குகளைத் தனித்தனியாக அமைக்கும். இந்த ஆண்டு இயக்குநர் கார்லோ ராட்டி. மே 10இல் தொடங்கிய கண்காட்சி நவம்பர் 23 வரை நடக்கிறது. 66 நாடுகள் பங்கேற்கின்றன, பொதுக் காட்சியில் மட்டும் 750க்கும் மேற்பட்டவர்களின் பங்களிப்பு இருக்கிறது.

இடம் இரண்டு. ஒன்று ஜார்தீனி என்னும் பூங்கா. அங்கே 29 நாடுகளுக்குச் சொந்த அரங்குகள் உண்டு. பெல்ஜியம் 1907இல் முதலில் கட்டியது, கடைசியாக 1995இல் தென் கொரியா கட்டியது. செட்டிநாட்டுத் தெருவில் ஒவ்வொரு வீட்டாரும் முகப்பிலேயே தங்கள் செல்வாக்கைச் சொல்லிவிடுவார்கள் அல்லவா, இந்தப் பூங்காவும் அப்படிப்பட்ட ஒரு தெருதான்: ஜெர்மனி 1938இல் நாஜிகள் திருத்திக் கட்டிய கனத்த தூண்களோடு நிற்கும், பின்லாந்துக்காக அல்வார் ஆல்டோ 1956இல் எழுப்பிய மரக்கொட்டகையோ இரண்டு நாளில் பிரித்து எடுத்துப் போய்விடலாம் என்பதுபோல் இருக்கும். ஆகவே கட்டடத்தை எப்படிக் கொண்டுவருவார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில், அரங்குகளே பார்க்க வேண்டிய கட்டடங்கள் என்பது. அவற்றில் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். கட்டடக் கலைஞர் ஸ்வெர்ரே ஃபேன் 1962இல் கட்டி முடித்த, வட ஐரோப்பிய நாடுகளுக்கான நார்டிக் அரங்கில் கூரையாக இருப்பது 6 சென்டிமீட்டர் தடிமனும் 1 மீட்டர் உயரமும் உள்ள கான்கிரீட் உத்தரங்கள். அவற்றை நெருக்கி நெருக்கி இரண்டு அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் வைத்திருக்கிறார். வெயில் நேராக உள்ளே இறங்காது, நிழலே இல்லாத ஒரு வெளிச்சம் மட்டும் இறங்கும். நின்ற மரங்களை வெட்டாமல் கூரையில் அவற்றுக்கு வழிவிட்டுக் கட்டினார்.

மற்றொன்று ஆர்சனாலே, வெனிஸ் அரசின் பழைய கப்பல் கட்டும் தளம். அதில் கயிறு திரித்த கூடம் 300 மீட்டருக்கும் மேல் நீளம், அதாவது நம் மீனாட்சி கோயிலின் வடக்கு ஆடி வீதியைவிட நீளம். பொதுக் காட்சி அங்கேதான். பூங்காவிலுள்ள நடு அரங்கு இந்த ஆண்டு பழுதுபார்ப்புக்காக மூடியிருப்பதால் கூட்டமும் காட்சிப்பொருளும் ஆர்சனாலேயில்தான் குவிந்திருக்கும்.

மீதிப் பாதிப் பதிலுக்கு ஓர் உதாரணம். 2023இல் கண்காட்சியின் உயர்ந்த பரிசான தங்கச் சிங்கம் வாங்கிய பிரேசில் அரங்கில் தரை முழுவதும் மண்ணைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், பொருள்களை வைத்த மேடைகளும் மண்ணை இடித்துச் செய்தவை. வெளியே சுட்டெரிக்கும் சரளைக் கல், உள்ளே காலடியில் மண். அந்த மண் வாசனை ஏறியபோது எனக்கு அரங்கின் கருத்துரையைப் படிக்கத் தோன்றவில்லை. உங்கள் முழங்காலுக்குச் சொல்வதும் அதுதான்: எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். உடம்புக்கு ஏதாவது நேர்கிற அறைகளில் மட்டும் நில்லுங்கள்.

தெப்பக்குளம் தெற்கு – 2025 ஜூலை 7

பொதுப்பணியில் பொறியாளராக 34 ஆண்டு இருந்தவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிய விரும்புகிறேன். தம்பி சொன்ன மண் வாசனைக்காக விமானம் ஏற வேண்டியதில்லை, கீழடி வரை போனால் போதும்.

1980இல் நடந்த அந்த முதல் கண்காட்சியின் பெருமையாக இன்றும் பேசப்படுவது எது என்று டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்படி கயிற்றுக் கூடத்துக்குள் 20 கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொரு முகப்பு வரைந்து கொடுத்தார்கள், ரோம் நகரத்துச் சினிமா ஸ்டுடியோவில் செட் போடுகிறவர்கள் வந்து அவற்றைக் கட்டி நிறுத்தினார்கள். பின்னால் வீடு இல்லாத முகப்புகள்! தொடக்கமே அப்படி. அதன்பிறகு நான் படங்களில் பார்த்த வரையில், சுவர் நிறைய எழுத்து, திரை நிறையக் காணொளி, நடுவில் புரியாத ஒரு பொருள். பாலம் எத்தனை டன் தாங்கும், கூரை எத்தனை மழை தாங்கும் என்ற கணக்கு எங்கேயும் காணோம். கட்டடத்தை அறிய வேண்டுமானால் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். 1636இல் கட்டிய நாயக்கர் மகாலின் தூணைக் கட்டிப்பிடித்து அளந்தாலே சுண்ணாம்பைப் பற்றி ஒரு பாடம் கிடைக்கும்.

மாசி வீதிப் பயணி – 2025 ஜூலை 7

விவாதம் நடக்கட்டும். டீச்சருக்கு நாள் குறைவாக இருப்பதால் பயணச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஷெங்கன் விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கட்டணம் 90 யூரோ, கைரேகை கொடுக்கச் சென்னைக்கு நேரில் போக வேண்டும், மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கண்காட்சி நுழைவுச்சீட்டு ஒன்றே இரண்டு இடங்களுக்கும் செல்லும், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை நுழையலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை, அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆகவே நடுவில் ஒரு நாள் பதுவாவில் காலை நீட்டிப் படுத்திருங்கள். செப்டம்பர் இறுதி வரை காலை 11 மணிக்குத்தான் திறப்பார்கள், மாலை 7 வரை உண்டு. வெனிஸுக்குள் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் இந்த ஆண்டு சில நாள்களில் வாங்கும் நுழைவுக் கட்டணம் ஜூலை 27ஓடு முடிகிறது, உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ரயில் நிலையத்து வாசலிலேயே வாப்பரெத்தோ என்னும் படகுப் பேருந்து கிடைக்கும். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, நம் ஊர் பஸ் கட்டணத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் முழங்காலை உத்தேசித்து ஏறிவிடுங்கள். ஏனெனில் வெனிஸில் நடப்பது என்றால் பாலம் ஏறி இறங்குவது, ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு. குடிநீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், தெருக் குழாய்களில் நல்ல தண்ணீர் வருகிறது.

கடைசியாக, நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் வெனிஸுக்கு ஒரே ஒரு நாள் இருந்தது, அது திங்கட்கிழமை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒருசில திங்கள் தவிர மற்றத் திங்கட்கிழமைகளில் விடுமுறை.

கொத்தனார் மகன் – 2025 ஜூலை 9

எங்கள் அப்பா கொத்தனார், நான் தள மேற்பார்வையாளன். இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறியாளர் ஐயா சொன்ன சினிமா செட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தவர், பிறகு ஒன்று கேட்டார்: “அந்த முகப்பையெல்லாம் வரைந்தவர் பெயர் இருக்கும். கட்டினவன் பெயர் எங்கேயாவது எழுதியிருக்குமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அச்சுக்கல் அண்ணன் சொல்லட்டும்.

அச்சுக்கல் – 2025 ஜூலை 9

தம்பி, உங்கள் அப்பாவின் கேள்வி அந்தக் கண்காட்சியின் நடு நெற்றியில் அடிக்கிற கேள்வி. பெரும்பாலும் இருக்காது என்பதுதான் உண்மை. ஆனால் இரண்டு சம்பவங்களை அவரிடம் சொல்லுங்கள்.

2012இல் அனுபமா குண்டூ என்ற கட்டடக் கலைஞர், ஆரோவில்லில் தாம் கட்டிய ‘சுவர் வீட்டை’ அதே அளவில், ஒன்றுக்கு ஒன்றாக, ஆர்சனாலேக்குள் எழுப்பிக் காட்டினார். அட்டை மாதிரி அல்ல, உள்ளே நடந்து போகக்கூடிய வீடு. அதற்காக இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் வெனிஸுக்குப் போனார்கள், ஆஸ்திரேலிய மாணவர்களும் வெனிஸ் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். ஆரோவில்லில் உள்ள அசல் வீடு, நம் பக்கத்துச் சூளைகளில் கையால் அறுத்துச் சுட்ட மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.

2016இல் அலெஹான்த்ரோ அரவேனா இயக்குநராக இருந்தபோது, சிறந்த பங்கேற்பாளருக்கான தங்கச் சிங்கம் பராகுவே நாட்டு சொலானோ பெனித்தேஸ் குழுவுக்குப் போனது. அவர்கள் வைத்தது சாதாரணச் செங்கல்லைப் பின்னல்போல் கோத்துக் கட்டிய ஒரு பெரிய வளைவு. தேர்ந்த கொத்தனார் கிடைக்காத இடத்திலும் செங்கல்லையும் சாந்தையும் வைத்து என்ன செய்ய முடியும் என்பதுதான் அதன் பேச்சு. அதே ஆண்டு நுழைவு அறைகளை, முந்தைய ஆண்டுக் கலைக் கண்காட்சியில் மிச்சமாகிக் குப்பைக்குப் போகவிருந்த 10,000 சதுர மீட்டர் ஜிப்சம் பலகையையும் 14 கிலோமீட்டர் இரும்புச் சட்டத்தையும் கொண்டே அமைத்தார்கள். பொறியாளர் ஐயா கணக்குக் கேட்டார், இதோ ஒரு கணக்கு.

தெப்பக்குளம் தெற்கு – 2025 ஜூலை 10

செங்கல் வளைவுக்குப் பரிசு கொடுத்ததை மனமார ஏற்கிறேன். குப்பைக் கணக்கை மட்டும் வேறு விதமாகப் படிக்கிறேன்: ஒரு கண்காட்சி முடிந்தால் 14 கிலோமீட்டர் இரும்பு மிச்சமாகிறது என்பதுதான் எனக்கு அதில் தெரிகிறது. ஆறு மாதம் நிற்கப் போகிற ஒன்றுக்கு இத்தனை பொருளை இழைக்கிறவர்கள் பூமி சூடாவதைப் பற்றிப் பாடம் நடத்துவது எனக்கு ஒட்டவில்லை.

ஷார்ஜா மதுரைக்காரன் – 2025 ஜூலை 11

சொந்த ஊர் ஆனையூர். ஷார்ஜாவில் 14 ஆண்டாக ஏசி பொருத்தும் வேலை பார்க்கிறேன். வெனிஸ் போனதில்லை. இங்கே ஷார்ஜாவிலும் 2019இல் கட்டடக்கலைக்கென்று மூவாண்டுக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார்கள், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த முதல் கண்காட்சியை ஒரு வெள்ளிக்கிழமை எட்டிப் பார்த்தேன். பாதி புரியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரமும் முற்றமும் நன்றாகப் புரிந்தன. வெயில் நாட்டில் ஏசி வருவதற்கு முன் எப்படிக் கட்டினார்கள் என்பதை ஏசிக்காரனான நான் அங்கேதான் நின்று பார்த்தேன்.

டீச்சரிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நாடுகளுக்கான தங்கச் சிங்கத்தைப் பஹ்ரைன் வாங்கியிருக்கிறது. வெயிலில் வெளிவேலை செய்கிறவர்களுக்கு மின்சாரக் குளிரூட்டி இல்லாமல் குளிர்ச்சி தருகிற ஒரு கூரையைச் செய்து காட்டியிருக்கிறார்களாம். இங்கே கோடையில் நண்பகல் வெளிவேலைக்குச் சட்டப்படி தடை உண்டு. அந்த நேரத்தில் நாங்கள் ஒதுங்குகிற இடம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூரை நிஜமாகவே வேலை செய்கிறதா என்று நின்று பார்த்துச் சொல்லுங்கள் அம்மா.

நரிமேடு டீச்சர் – 2025 ஆகஸ்ட் 22

விசா வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. வியாழன் ஆர்சனாலே, வெள்ளி ஓய்வு, சனி ஜார்தீனி என்று மகள் சீட்டு வாங்கிவிட்டாள். பஹ்ரைன் கூரையையும் கட்டினவர் பெயரையும் குறித்துக்கொண்டேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

நரிமேடு டீச்சர் – 2025 அக்டோபர் 12

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கடன் இருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஆர்சனாலேயில் முதல் அறைக்குள் நுழைந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அத்தனை இருட்டு. வெக்கை முகத்தில் அறைந்தது. கண் பழகிய பிறகு அண்ணாந்து பார்த்தால், உத்தரத்திலிருந்து ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன, கீழே கருப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அடுத்த அறைகளைக் குளிர வைப்பதற்காக எடுத்த வெப்பத்தையெல்லாம் இந்த அறையில் கொட்டுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் விடுதிகளின் வெளிப்பெட்டிகள் மாட்டிய சுவரோரமாகப் போகும்போது வெப்பக்காற்று காதில் ஊதும், நாம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கடந்துவிடுவோம். அந்தச் சந்தை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த அறையில் இருப்பவருக்கும் சந்தில் நடப்பவருக்கும் உள்ள உறவை நான் வகுப்பறையில் எத்தனையோ படம் போட்டு விளக்கியிருக்கிறேன், ஒரு படம்கூட அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாகாது. எனக்கு முன்னே போன இளைஞர்கள் வியர்வை தாங்காமல் ஓடிவிட்டார்கள். நம் ஊர்க்காரிக்கு அது பங்குனி மாதத்துப் பிற்பகல், நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த நீளக் கூடத்தைப் பற்றிப் பொறியாளர் ஐயா சொன்னதில் பெரும் பகுதி சரி. இடைவெளியே விடாமல் திரைகளும் மாதிரிகளும் இயந்திரங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளக் கருத்துரை, அதற்குக் கீழே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம். சுருக்கமே எனக்கு மூன்றாவது பலகையில் சலித்துவிட்டது. அதற்குப் பிறகு எழுத்தின் பக்கம் திரும்பவில்லை. பூட்டான் சிற்பிகளின் செதுக்கலையும் இயந்திரக் கையின் செதுக்கலையும் அடுத்தடுத்துக் காட்டும் ஒரு பெரிய மர உத்தரம் இருந்தது. இயந்திரம் செதுக்கிய பூவில் எல்லா இதழும் ஒரே ஆழம். கையால் செதுக்கியதில் ஓர் இதழின் ஓரத்தில் உளி சற்றே வழுக்கி, அதை அடுத்த வெட்டில் சரிசெய்திருந்தது தெரிந்தது. கொத்தனார் மகனே, இந்தக் கூடத்தில் கை வேலையைக் கை வேலை என்றே சொல்லி வைத்திருந்த இடமாக என் கண்ணில் பட்டது இதுதான்.

ஷார்ஜா தம்பிக்கு: பஹ்ரைன் அரங்கில் ஒரே தூண் தாங்குகிற ஒரு சதுரக் கூரையும் அதற்குக் கீழே உட்கார ஒரு தரையும் இருக்கின்றன. நிலத்துக்கு அடியிலுள்ள குளிர்ச்சியைக் கிணறு வழியே மேலே எடுத்து, சூடான காற்றைச் சூரியப் புகைபோக்கி வழியே வெளியேற்றுவதுதான் திட்டம். ஆனால் வெனிஸில் அந்தப் பழைய கட்டடத்துக்கு அடியில் தோண்ட முடியாது என்பதால், அங்கே இயந்திரத்தைக்கொண்டு காற்றை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஆகவே நிஜமாகவே வேலை செய்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு வெனிஸில் விடை இல்லை, உங்கள் ஊரில் ஒன்று கட்டினால்தான் தெரியும். கூரைக்குக் கீழே காற்று இதமாக வந்தது, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முழங்காலின் தீர்ப்பு அந்த அரங்குக்குச் சாதகம். வெளியே வந்தால், கால்வாய்த் தண்ணீரைச் சுத்திகரித்துக் காப்பி போட்டுத் தருகிற கடை. அதற்கும் ஒரு தங்கச் சிங்கம். வைகைத் தண்ணீரை இப்படி யாராவது செய்து கொடுத்தால் குடிப்போமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டே குடித்தேன். கசப்புக் காப்பிதான், ஆனால் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை ஜார்தீனி. புளியோதரைப் பொட்டலத்தோடு போய் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெல்ஜியம் அரங்குக்குள் ஒரு சிறு காட்டையே வளர்த்திருக்கிறார்கள். டென்மார்க் அரங்கு பழுதுபார்ப்பில் இருந்ததால், பெயர்த்த தரை, கல், மண் எல்லாவற்றையும் அப்படியே வகைபிரித்து வைத்து அதையே காட்சியாக்கிவிட்டார்கள். பொறியாளர் ஐயா அங்கே அரை நாள் நிற்பார்.

நான் நின்றது போலந்து அரங்கில். வீட்டில் இருக்கும்போது மனிதனுக்குப் பாதுகாப்பு உணர்வு எதனால் வருகிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். தீயணைப்பு உருளையை ஒரு சாமி மாடத்தைப்போல அலங்கரித்த மாடக்குழிக்குள் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் குதிரை லாடம், இன்னொரு பக்கம் கண்காணிப்புக் கேமரா. சட்டம் சொல்வதையும் பாட்டி சொல்வதையும் ஒரே வரிசையில், யாரையும் கேலி செய்யாமல் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் மின்கசிவுத் தடுப்பானுக்கு நேர் மேலே திருஷ்டிப் படமும், அதற்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிய படிகாரமும் தொங்குகின்றன. இத்தனை ஆண்டு அதை நான் ஒரு காட்சியாகப் பார்த்ததே இல்லை. மகள் அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

நார்டிக் அரங்கின் வெளிச்சம் அச்சுக்கல் தம்பி சொன்னபடியே இருந்தது. உள்ளே வைத்திருந்த காட்சியைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தேன்.

தெப்பக்குளம் தெற்கு – 2025 அக்டோபர் 12

டீச்சர், விடை இல்லை என்றால் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவே பாராட்டுகிறேன். டென்மார்க் அரங்கின் படங்கள் இருந்தால் போடுங்கள். பெயர்த்த கான்கிரீட்டை அவர்கள் என்ன அளவில் உடைத்து, எதனோடு கலந்து, திரும்பத் தரைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது. கண்காட்சியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, அந்த ஓர் அரங்கைத் தவிர.

அச்சுக்கல் – 2025 அக்டோபர் 13

டீச்சர், ஊருக்குள்ளே கஸ்தெல்லோ பகுதியில் வாத்திகன் அரங்கு ஒன்று இருந்ததே, பார்த்தீர்களா? பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைக்கிற வேலையையே கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன்.

நரிமேடு டீச்சர் – 2025 அக்டோபர் 13

பார்த்தேன் தம்பி, எழுத விட்டுப்போயிற்று. ஜார்தீனியிலிருந்து மெல்ல நடந்தே போய்விட்டோம். ஒரு பக்கம் பிள்ளைகள் வாத்தியம் பழகும் சத்தம், மறு பக்கம் சாரத்தில் ஏறிச் சுவரைச் சீரமைக்கிறார்கள். நடுவயதுப் பெண் ஒருவர் சிறிய கரணையால் சுண்ணாம்புப் பூச்சை ஒட்டிக்கொண்டிருந்தார். மகள் இத்தாலியில் பேச்சுக் கொடுத்ததும் இறங்கி வந்து, சாந்துச் சட்டியைக் காட்டினார். விரலால் தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் இதில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். கடுக்காய்க்கு இத்தாலியில் என்ன பெயர் என்று மகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. துவர்க்கிற காய் என்று நாக்கைச் சுருக்கிக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார், அல்லது மரியாதைக்குத் தலையாட்டினார்.

கொத்தனார் மகன் – 2025 அக்டோபர் 14

அப்பாவுக்கு இதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன் டீச்சர். அவர் கேட்டது இதுதான்: “சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப் போட்டார்களாம்? அந்த அம்மா பெயர் என்னவாம்?”

நரிமேடு டீச்சர் – 2025 அக்டோபர் 14

இரண்டையுமே கேட்காமல் வந்துவிட்டேன். கேட்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டு போயும், சாந்தைத் தொட்டதும் மறந்துபோயிற்று. நவம்பர் 23 வரை கண்காட்சி இருக்கிறது. மகள் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் வெனிஸ் போகிறாள், இரண்டையும் கேட்டு வரும்படி இப்போதே அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.